பதினேழாவது ஓவர், நான்காவது பந்து

தாவோ தியென்
14 ஏப்ரல் 2019, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

கடல் நடுவில் உங்கள் எண்ணெய் ரிக்கில் பத்திரமாக இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் ஹெலிகாப்டர் கிளம்பும் வுங் டாவ் பக்கம் மூட்டமாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆத்தாவிடம் பேசினேன். வருஷப் பிறப்பும் அதுவுமாகக் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நேற்று முழுக்க வெயிலில் உட்கார்ந்திருந்தேன், அதுதான் என்றேன். அது பாதி உண்மை.

அங்கே உள்ள போனில் கூப்பிட்டால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் காத்து நிற்பார்கள். அப்படி வைத்துக்கொண்டு கேட்கிற விஷயமில்லை இது. அதனால் எழுதுகிறேன்.

நேற்றைய ஸ்கோர் புத்தகம் சமனாகவில்லை.

உங்களுக்கு இதில் பொறுமை கிடையாது, ஆனாலும் சொல்கிறேன். பேட்ஸ்மேன்கள் எடுத்ததையும் உதிரிகளையும் கூட்டினால் ஒரு எண் வரும். பந்து வீசியவர்கள் கொடுத்ததைக் கூட்டி, பை, லெக் பை சேர்த்தால் அதே எண் வர வேண்டும். நம் இன்னிங்ஸில் பேட்டிங் பக்கம் 143. பௌலிங் பக்கம் 142. நாலு தடவை கூட்டிவிட்டேன்.

இடிக்கிற இடத்தையும் கண்டுபிடித்தேன். பதினேழாவது ஓவர், நான்காவது பந்து. அடித்தவர் நீங்கள். உங்கள் வரிசையில் 2 இருக்கிறது. பௌலரின் கட்டத்தில் முதலில் 2 எழுதி, அதன் மேல் பேனாவை அழுத்தி 1 ஆக்கியிருக்கிறேன். என் கையெழுத்துதான். ஒன்றைத் திருத்தியவள் மற்றதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் வள்ளியப்பன் அண்ணன் கடையிலிருந்து பிரியாணி வந்தது. கொண்டுவந்தவர் முப்பத்திரண்டு பொட்டலத்தையும் எண்ணி வாங்கிக்கொள்ளச் சொல்லி என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். செயலாளரும் நான், ஸ்கோரரும் நான். நம் கிளப் அப்படித்தான் நடக்கிறது. வழக்கமாக எதிர் அணியின் ஸ்கோரர் பக்கத்தில் இருப்பார், ஓவருக்கு ஓவர் இருவரும் ஒத்துப் பார்ப்போம். பத்மா அணியில் நேற்று பதினோரு பேர்தான் வந்தார்கள், பதினோரு பேரும் ஃபீல்டிங்கில். அவர்களுடைய புத்தகத்திலும் நம் இன்னிங்ஸை நம்முடையதைப் பார்த்து நானே எழுதிக் கொடுத்தேன்.

அந்த முனையில் நம் பொருளாளர் ஏகப்பண்ணன் அம்பயராக நின்றார். அவர் விரலால் தோளைத் தொட்டதாகவும், சரியென்று நான் கையைத் தூக்கியதாகவும் ஒரு நினைவு. ஷார்ட் ரன்னுக்கு அப்படித்தானே காட்டுவார்கள்? மட்டை கோட்டைத் தொடாமல் நீங்கள் திரும்பியிருந்தால், இரண்டு ஓடினாலும் ஒன்றுதான். ஆனால் இந்த நினைவு நேற்றையதா, அந்த 1-ஐப் பார்த்த பிறகு நானாக வரைந்துகொண்டதா என்று எனக்கே தெரியவில்லை.

பத்மா எடுத்தது 142. நமக்கும் 142 என்றால் ஆட்டம் டை. டை என்றால் புள்ளியில் இரு அணியும் சமம், ரன் ரேட்டில் அவர்கள் மேலே. அடுத்த சீசனில் கல்லூரி மைதானம் ஐந்து கிளப்புக்குத்தான். ஆறாவதாக இருப்பவர்களுக்கு இடமில்லை. நேற்று சாயங்காலம் வரை அந்த ஆறாவது பத்மா. இது உண்மையானால் நாம்.

அடுத்த சனிக்கிழமை நண்பகலில் லீக் பட்டியலை உறுதி செய்கிறது. அதனால் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பந்துக்கு உங்கள் கணக்கில் சேர வேண்டியது ஒன்றா, இரண்டா?

அலமு

*

ரிக்
15 ஏப்ரல்

அலமு,

வந்து சேர்ந்தேன். கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் தொண்ணூறு, ஆளுக்கு அரை மணி நேரம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆட்டம் முடிந்தது. இரண்டு கேப்டனும் கையெழுத்துப் போட்டாயிற்று. பத்மா கேப்டன் ஷம்சுல் ஆலம் என் பேனாவை வாங்கித்தான் போட்டார். கையெழுத்துக்கு அப்புறம் ஆட்டம் கிடையாது. எந்த ஊரில் எந்த கிளப்பின் புத்தகம் சரியாகக் கூடியிருக்கிறது? நாம் என்ன டெஸ்ட் மேட்சா ஆடுகிறோம்?

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வள்ளியப்பனைப் போய்ப் பார். லீக்கில் இருந்தால் அடுத்த சீசனுக்கும் சட்டையும் சனிக்கிழமைச் சாப்பாடும் தருவதாக அன்றைக்கே சொன்னார். சூடு ஆறுவதற்குள் எழுதி வாங்கிவிடு. மார்ச் சந்தா ஆறு பேர் தரவில்லை. பேட்டும் பிடிக்காமல் பந்தும் போடாமல் நின்றுவிட்டுப் போகிறவனுக்கு அரைக் கட்டணம் என்று நாம்தான் விதி வைத்தோம். ஏகப்பன் இரண்டு பேரிடம் முழுசாக வாங்கியிருக்கிறான். திருப்பிக் கொடுக்கச் சொல்.

ஒன்பது வருஷம் அலமு. அபார்ட்மெண்ட் கார் நிறுத்தத்தில் நாலு பேர், ஒரு டென்னிஸ் பந்து, அப்படி ஆரம்பித்தது. இன்றைக்கு நம் வைகை கிளப்புக்கு முப்பது பேர். நீ நிறையப் படிக்கிறாய். படிக்கிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் உள்ளே ஏதோ இருப்பதாகத் தோன்றும். அந்தப் புத்தகத்தை மூடி வை.

அண்ணன்

*

தாவோ தியென்
16 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, நான் கேட்டதைத் தவிர.

லீக் விதிகளை எடுத்துப் படித்தேன். கையெழுத்துக்குப் பிறகும் ஏழு நாளுக்குள் ஸ்கோரைத் திருத்தலாம். ஆனால் ஸ்கோரர் சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பந்துக்கு நின்ற அம்பயரோ, ஓடிய பேட்ஸ்மேனோ எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் அறிவித்த எண்ணே நிற்கும்.

அதனால் மதிய இடைவேளையில் பள்ளி நூலகத்தை மூடிவிட்டு டிஸ்ட்ரிக்ட் 1-க்கு வாடகை கிராப் பைக்கில் போய் ஏகப்பண்ணனைப் பார்த்தேன். சந்தா பாக்கியைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். பதினேழாவது ஓவர் என்றதும் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து அதில் பின் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

"ஞாபகமில்லையே தங்கச்சி. வடிவேலுவக் கேளு. அவன் என்ன சொல்றானோ அதுதான் எனக்கும் ஞாபகம்."

ஞாபகம் இல்லாதவர் அப்படிச் சொல்லமாட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. அவர்மேல் கோபமில்லை. நம் ஆட்டங்களில் பேட்டிங் செய்கிற அணியின் ஆள்தான் அம்பயராக நிற்கிறார். தன் கேப்டனுக்கு எதிராகத் தோளைத் தொட ஒரு தைரியம் வேண்டும். அதை அவர் அன்றைக்கே செய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாம் தடவையும் அதைச் செய்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஷம்சுல் ஆலம் போன் செய்தார். மைதானத்தை விட்டுப் போவதால், பிட்ச்சில் விரிக்கும் மேட் வைத்திருக்கும் அறையின் சாவியை ஒப்படைக்க வேண்டுமாம். நாளை மாலை பள்ளிக்குப் பக்கத்துக் காபிக் கடைக்கு வருகிறார்.

ஒன்றா, இரண்டா?

அலமு

*

ரிக்
16 ஏப்ரல், மாலை

அலமு,

ஏகப்பனை எதற்குக் கேட்டாய்? அவன் இனி நாலு பேரிடம் சொல்வான். நாளைக்கு உன்னைப் பார்க்க வருவான். ஸ்கோர் புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிடு. லீக்குக்கு அவனே அனுப்பிக்கொள்வான்.

ஷம்சுல் ஆலம் சாவியைக் கொடுத்தால் வாங்கிக்கொள். வேறு எதுவும் பேசாதே.

அண்ணன்

*

தாவோ தியென்
18 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு பேரும் நேற்று மாலைதான் வந்தார்கள், முன்னும் பின்னுமாக.

காபிக் கடைக்கு ஷம்சுல் ஆலம் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. அவர்கள் அணியில் எல்லோருமே சட்டைத் தொழிற்சாலைகளில் தரம் பார்க்கிறவர்கள். மைதான வாடகையில் முழுப் பங்கு கொடுக்க முடியாததால், பாதியைப் பணமாகவும் பாதியை உழைப்பாகவும் ஆறு வருஷமாகக் கொடுத்துவந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லா சனிக்கிழமையும், தங்கள் ஆட்டம் இல்லாத சனிக்கிழமையும், விடியும்போது வந்து மேட்டை விரித்து ஆணி அடித்தது அவர்கள். சாயங்காலம் சுருட்டி உள்ளே வைத்ததும் அவர்கள். நாமெல்லாம் எட்டு மணிக்கு வந்து, மேட் அங்கேயே முளைத்தது போல அதன்மேல் நடந்தோம்.

சாவியோடு ஒரு தாளும் கொடுத்தார். துணிச் சோதனைப் படிவம். அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். ஈரமாக இருந்தால் சுருட்டக் கூடாது. குளத்துப் பக்கம் மண் இளகல், அங்கே ஆணியைச் சாய்த்து அடிக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் எப்போதும் பந்து விழாத ஓரத்துக்குப் போக வேண்டும். காவல்காரர், இந்த ஊர்ப் பேச்சில் பாவ்வே, அவருக்குக் கதவு திறக்கும்போதே ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் நாள் முழுக்கத் தொந்தரவில்லை. அடுத்து யார் செய்தாலும் அவர்கள் சிரமப்படக் கூடாது என்றார்.

"என் மனைவிக்கு ரொம்பச் சந்தோஷம்" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவான அந்த அரைகுறை ஆங்கிலத்தில். "ஆறு வருஷத்துக்கப்புறம் சனிக்கிழமை தூங்கப் போகிறேன். நான் குறட்டை விடுவேன் என்பது அவளுக்கு மறந்துவிட்டது."

நான் சிரித்தேன். சிரிக்காமலும் இருக்க முடியவில்லை, சிரித்ததைப் பொறுக்கவும் முடியவில்லை.

பிறகு ஒரு உதவி கேட்டார். அவர்களுடைய ஒன்பதாவது ஆட்டக்காரர் அன்று இருபத்து மூன்று எடுத்தாராம். இரட்டை இலக்கம் அவருக்கு அதுதான் முதல் தடவை, ஊரிலிருக்கும் அப்பாவுக்குப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவர்களுடைய புத்தகத்தில் அந்த இன்னிங்ஸ் பாதிதான் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்தவர் பேட்டிங்குக்குப் போய்விட்டார்.

புத்தகம் என் பையில் இருந்தது. திறந்தேன். இடது பக்கம் நாம், வலது பக்கம் அவர்கள். இரண்டு பக்கமும் விழும்படி அவர் படம் எடுத்தார். பதினேழாவது ஓவர் கட்டம் அவருடைய கட்டை விரலிலிருந்து ஒரு அங்குலம். அவர் பார்த்தது அந்த ஒன்பதாவது பெயரை மட்டும். துணியில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிற மனிதர், அண்ணே.

வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது பாதிதான், மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஏகப்பண்ணன். உள்ளே வரவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. அண்ணன் புத்தகத்தை வாங்கிவரச் சொன்னதாகச் சொன்னார். கணக்கு நோட்டு பொருளாளரிடம், ஸ்கோர் புத்தகம் செயலாளரிடம் என்று கிளப் விதியை எழுதியதே நீங்கள்தானே என்றேன். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் முடியாதென்றேன்.

"நீயும் இந்த ஊர்க்காரி ஆயிட்ட தங்கச்சி. சிரிச்ச முகத்தோட முடியாதுங்கற."

போகும்போது, "எனக்கு இது பிடிக்கல, அவன்கிட்ட சொல்லிடு" என்றார். எது பிடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

புத்தகத்தை என் கையிலிருந்து அப்புறப்படுத்த நினைத்தீர்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அலமு

*

ரிக்
18 ஏப்ரல்

அலமு,

போட்டோ எடுக்க விட்டாயா? இரண்டு பக்கத்தையும்? நாளைக்கே அவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் என்ன செய்வாய்?

சரி. நேராகவே பேசுகிறேன். நமக்கு மைதானம் போனால் வள்ளியப்பன் சட்டை தரமாட்டார். நன்றாக ஆடுகிற ஏழெட்டுப் பேரை மற்ற கிளப்புகள் ஒரே வாரத்தில் இழுத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிறவர்களின் சந்தாவில் இன்னொரு மைதானம் எடுக்க முடியாது. இந்த ஊரில் வெளிநாட்டுக்காரன் நடத்தும் கிளப்புக்கு யார் இடம் தருவார்கள்? கல்லூரி வாசலில் நான் எத்தனை மாதம் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது வரவில்லை. பத்மாக்காரர்கள் வேலையும் ஒன்றாக, இருப்பதும் ஒன்றாக. மட்டை இல்லாவிட்டாலும் அவர்கள் ஒரு கூட்டம். நாம் அப்படியில்லை. சனிக்கிழமை இல்லாவிட்டால் நம் ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூட மாட்டார்கள்.

இங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தெரியுமா? வாக்கி டாக்கியில் நான் "கிரேன் டூ". சாப்பாட்டு அறையிலும் அதுதான். இருபத்தெட்டு நாள் கிரேன் டூவாக இருந்துவிட்டுக் கரைக்கு வருகிறேன். மைதானத்துக்குள் நுழையும்போதுதான் யாராவது "வடிவேலு" என்று கத்துவான். அது எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் அறையை விட்டு வெளியே வராமல் படித்துக்கொண்டே கிடந்தாய். யாரோடும் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மேசையையும் பேனாவையும் கொடுத்து உன்னை ஆட்களுக்கு நடுவில் உட்காரவைத்தது யார்?

லீக்குக்குப் போவதாக இருந்தால் போ. ஆனால் வைகையின் செயலாளராகப் போகாதே.

அண்ணன்

*

தாவோ தியென்
19 ஏப்ரல், வெள்ளி

அன்புள்ள அண்ணனுக்கு,

மேசையைக் கொடுத்தது நீங்கள்தான். நான் மறக்கவில்லை. பேசாமலே முப்பது பேரோடு இருக்க ஒரு வழி உண்டு என்று நீங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். ஒரு பந்து விழும், நான் எழுதுவேன், யாரோ திரும்பி "எவ்வளவு அலமு?" என்பார்கள். என்னிடம் இந்த ஊரில் யாரும் அதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை. பதிலை அவர்கள் சரிபார்த்ததே இல்லை. நான் சொன்னால் அதுதான் ஸ்கோர்.

கிளப் உடைந்தால் நீங்கள் மட்டும் இழக்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள். நானும் அந்த அறைக்குத்தான் திரும்ப வேண்டும். நீங்கள் எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. சட்டை போகும், ஆட்கள் போவார்கள், இன்னொரு மைதானம் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆறு நாளில் மூன்று கடிதம் எழுதினீர்கள். கிளப்பின் சரித்திரம் எழுதினீர்கள், ரிக்கைப் பற்றி எழுதினீர்கள், என்னைப் பற்றியும் எழுதினீர்கள். அது இரண்டாக இருந்திருந்தால், முதல் நாளே "இரண்டு" என்று ஒரு வார்த்தை போட்டு முடித்திருப்பீர்கள். ஒரு பொய்யாகக்கூட அதை எழுதவில்லை. அது ஏன் என்று யோசித்தபோது உங்கள் மேலிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

நாளை சீசனின் கடைசி ஆட்டம், வேறு இரண்டு கிளப்புகளுக்கு. வெளியே போகிற அணியாக இருந்தும் நாளைக்கும் மேட் விரிக்க வருவதாக ஷம்சுல் ஆலம் சொல்லியிருக்கிறார், சீசன் முடியும் வரை ஒப்புக்கொண்ட வேலையாம். சாவி என்னிடம் இருப்பதால் ஐந்தரைக்கு நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். புத்தகத்தையும் கொண்டுபோகிறேன். பன்னிரண்டு மணிக்கு லீக்காரர்களிடம், புத்தகம் சமனாகவில்லை என்று என் பெயரில் ஒரு தாள் கொடுப்பேன். செயலாளர் என்று போடமாட்டேன், நீங்கள் கேட்டபடி.

உங்கள் வார்த்தை இல்லாமல் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. வாங்கி வைத்துவிட்டு 143 என்றே அறிவிப்பார்கள். நமக்கு மைதானம் கிடைக்கும். நீங்கள் மே மாதம் வரும்போது யாராவது உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். மேசைக்கு மட்டும் வேறு ஆள் பாருங்கள். "எவ்வளவு அலமு?" என்று கேட்டால் என்னால் இனிமேல் பதில் சொல்ல முடியாது.

நண்பகல் வரை மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அலமு

*

ரிக்
20 ஏப்ரல் 2019, காலை 10.20

வைகை கிளப் செயலாளர் அலமு அவர்களுக்கு,

லீக்கிடம் கொடுப்பதற்காக.

ஏப்ரல் 13 ஆட்டம், வைகை இன்னிங்ஸ், பதினேழாவது ஓவர், நான்காவது பந்து. ஓடிய பேட்ஸ்மேன் நான். சேர வேண்டியது: ஒன்று.

வடிவேல்
கேப்டன், வைகை

இதற்குக் கீழே உள்ளதை அவர்களுக்குக் காட்டாதே.

கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போதே திரும்பிவிட்டேன். ஏகப்பன் தோளைத் தொட்டான். நீ கையைத் தூக்கினாய், நான் பார்த்தேன். ஓவர் முடிந்ததும் பலகையைப் பார்த்தேன், ஒன்று கூடுதலாக இருந்தது. நீ அடுத்த ஓவரில் திருத்துவாய் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஓவரில், திருத்தாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். கடைசிப் பந்தில் அவர்கள் இரண்டாவது ரன்னுக்கு ஓடி அவுட் ஆனபோது நான்தான் எல்லோருக்கும் முன்னால் குதித்தேன்.

ஏகப்பனுக்கு எழுதிவிட்டேன். அவனும் இன்றைக்கு உன்னோடு வந்து சொல்வான். வள்ளியப்பனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

சாவியை ஷம்சுல் ஆலமிடம் திருப்பிக் கொடு. அவர் எழுதிய தாளை நீ வைத்துக்கொள். அடுத்த சீசனில் மேட் விரிக்கக் கூட ஆள் வேண்டுமா என்று அவரிடம் கேள். வருஷத்தில் பாதி நான் கரையில்தான் இருப்பேன். ஆணியைச் சாய்த்து அடிக்கத் தெரியாது, சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.

கிரேன் டூவைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

வடிவேல்